அடுத்த தாவளம் எவ்வளவு தூரம்?

மின்சாரக் கார் வாங்கிய வீடுகளில் இப்போது ஒரு புதுவிதமான சம்பாஷணை நடக்கிறது. ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் இரவு, கட்டுச்சாதத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே வீட்டு அம்மாள் கேட்கிறாள்: "வழியிலே சார்ஜ் தீர்ந்துபோனால் என்ன செய்கிறது?" ஐயா கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொல்கிறார்: "அதெல்லாம் ரோடு நெடுக வைத்திருக்கிறார்கள். நீ பேசாமல் இரு!"

சகோதரிகளே, பேசாமல் இருக்கவேண்டிய விஷயம் அல்ல இது. கேள்வி மிகவும் நியாயமானது. ஐயாவின் பதிலிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி என்ன என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

பெங்களூரில் குடித்தனம், சேலத்திலோ நாமக்கல்லிலோ பிறந்த வீடு என்று எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. தீபாவளி, பொங்கல் வந்துவிட்டால் அத்தனை பேருக்கும் ஒரே சாலைதான். ஸ்ரீநகரில் புறப்பட்டு 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் கன்னியாகுமரியில் கடலைப் பார்த்து நிற்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அது. முன்பு அதற்கு 7-ஆம் எண். ஓசூரில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, கிருஷ்ணகிரியைத் தொட்டு, தர்மபுரி ஜில்லாவை நீளவாக்கில் கடந்து, தொப்பூர்க் கணவாயில் சரசரவென்று இறங்கிச் சேலத்தை அடைகிறது. பெங்களூரிலிருந்து சேலம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கு தாண்டிய இடத்தில் தர்மபுரி இருக்கிறது. குழந்தை "பசிக்கிறது" என்று ஆரம்பிக்கும் இடமும் அதுதான். மின்சாரக் கார் "எனக்கும்தான்" என்று சொல்லும் இடமும் ஏறத்தாழ அதுதான்!

வழியில் எரிபொருள் கிடைக்குமா என்ற கவலை மோட்டார் வண்டியோடு கூடவே பிறந்தது. 1888-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஜெர்மனியில் பெர்தா பென்ஸ் என்ற பெண்மணி, கணவர் கார்ல் பென்ஸ் செய்துவைத்திருந்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை அவரிடம் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளுடன் புறப்பட்டுவிட்டார். எங்கே? தாய் வீட்டுக்குத்தான்! மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்குச் சுமார் 100 கிலோமீட்டர். பெட்ரோல் பங்க் என்ற பெயரே உலகத்தில் இல்லாத காலம். எரிபொருள் தீரும் நிலை வந்ததும் வீஸ்லாக் என்ற ஊரில் ஒரு மருந்துக் கடையில் நிறுத்தி, கறை போக்குவதற்கு விற்றுவந்த திரவத்தை வாங்கி ஊற்றிக்கொண்டார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் செருகியிருந்த ஊசியால் குத்திச் சரிசெய்தார். மேடு வந்த இடங்களில் பிள்ளைகள் இறங்கி வண்டியைத் தள்ளினார்கள். மோட்டார் வண்டியில் முதன்முதலாக நெடுந்தூரம் போனது இப்படி ஒரு தாய்தான். அன்றைக்கு அந்த மருந்துக் கடை எப்படியோ, அப்படித்தான் இன்றைக்கு நம் நெடுஞ்சாலையில் சார்ஜிங் நிலையம்.

நம் பக்கத்துக் கதையும் சுவாரசியமானதே. 2001-இல் பெங்களூரிலிருந்து 'ரேவா' என்ற குட்டி மின்சாரக் கார் விற்பனைக்கு வந்தது. ஒரு தடவை சார்ஜ் செய்தால் 80 கிலோமீட்டர் ஓடும் என்றார்கள். பெங்களூரிலிருந்து ஓசூர் போய்த் திரும்ப அது சரியாக இருக்கும். தர்மபுரியை அந்தக் கார் கனவில்தான் பார்க்கலாம். இன்றைக்கு நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும் கார்களே 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகின்றன. அதுமட்டுமா? 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்தபோது தர்மபுரி ஜில்லாவில் ஓசூரும் கிருஷ்ணகிரியும் அடக்கம். 2004-இல்தான் கிருஷ்ணகிரி தனி ஜில்லாவாயிற்று. அந்தப் பழைய தர்மபுரி மண்ணில், ஓசூரில் ஏத்தர் கம்பெனியும் போச்சம்பள்ளியில் ஓலா கம்பெனியும் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலைகளை நிறுவியிருக்கின்றன. மின்சார வண்டி பிறக்கும் சீமையிலேயே மின்சார வண்டிக்குப் பசியாறச் சரியான இடம் வேண்டாமா?

குடமும் குழாயும்

முதலில் 'வேக சார்ஜிங்' என்றால் என்னவென்று தெரிந்துகொள்வோம். சமையலறை தெரிந்தவர்களுக்கு இது சிரமமே இல்லை.

காரின் வயிற்றில் இருக்கும் மின்கலம் 40 யூனிட் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். மாதா மாதம் மின்சார பில்லில் பார்க்கிறீர்களே, அதே யூனிட்தான். நெடுஞ்சாலையில் குளிர்சாதனத்தையும் போட்டுக்கொண்டு போனால், ஒரு யூனிட்டுக்குச் சுமார் 6 கிலோமீட்டர் என்று கணக்கு வைப்பது உத்தமம். வீட்டில் கெய்சருக்கு இருக்கிறதே, அந்த 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் மணிக்கு 3 யூனிட் சொச்சம் ஏறும். முழுக்க நிரம்ப ஒரு இரவு வேண்டும்.

ஏன் அவ்வளவு நேரம்? வீட்டுக்கு வருவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். மின்கலமோ ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தைத்தான் ஏற்றுக்கொள்ளும். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் வேலையைக் காருக்குள் இருக்கும் ஒரு சிறு கருவி செய்கிறது. அதன் சக்தி அவ்வளவுதான். நெடுஞ்சாலை நிலையத்தில் அந்த வேலையைப் பீரோ அளவு பெரிய யந்திரம் ஒன்று வெளியிலேயே செய்து, நேராக மின்கலத்துக்கு அனுப்பிவிடுகிறது. ஆகவே வீட்டில் ஓர் இரவு ஆவது இங்கே ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறது. யந்திரமும் காரும் பெரிதாக இருந்தால் இன்னும் சீக்கிரம். செலவு மட்டும், வீட்டில் ஆவதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகும்.

இன்னொரு சூட்சுமம். குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது என்ன செய்கிறீர்கள்? முக்கால் குடம் வரையில் குழாயை நன்றாகத் திறந்துவிடுகிறீர்கள். கழுத்துக்கு வந்ததும் சிறிதாக்குகிறீர்கள். மின்கலமும் அப்படித்தான். 80 சதவிகிதம் வரை மளமளவென்று ஏறும். அதற்குமேல் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும். ஆகையால் வழியில் 80 வந்ததும் கிளம்பிவிடுவதுதான் சாமர்த்தியம். பின்னால் காத்திருக்கும் குடும்பத்துக்கும் அது ஓர் உபகாரம்.

"மழையில் தொட்டால் ஷாக் அடிக்காதா?" என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தக் கனத்த பிடி காரில் சரியாகப் பொருந்தி, காரும் யந்திரமும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு சம்மதம் சொன்ன பிறகே மின்சாரம் ஓடும். கையில் பிடித்திருக்கும்போது அதில் மின்சாரம் இராது. ஆனால் வயர் கிழிந்தோ பிடி உடைந்தோ இருந்தால் தொடாமல் நகர்ந்துவிடுங்கள்.

தொப்பூர்க் கணக்கு

"மலை ஏறினால் சார்ஜ் எல்லாம் போய்விடும்" என்று ஒரு பேச்சு உண்டு. அதையும் கணக்குப் பார்த்துவிடலாம்.

கடல் மட்டத்துக்கு மேல் சேலம் சுமார் 280 மீட்டர். தர்மபுரி சுமார் 460 மீட்டர். வித்தியாசம் 180 மீட்டர். குடும்பம், மூட்டை முடிச்சு எல்லாம் சேர்த்து கார் 1,900 கிலோ எடை என்று வைத்துக்கொண்டால், அந்த உயரத்துக்குத் தூக்க அதிகப்படியாக ஆகும் மின்சாரம் ஏறத்தாழ ஒரே ஒரு யூனிட்! ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் சாப்பிடுவது அவ்வளவுதான். தொப்பூரைப் பார்த்து நடுங்க வேண்டியதில்லை.

ஆனால் பெங்களூர் இருப்பது 900 மீட்டருக்கும் மேலே. சேலத்திலிருந்து அவ்வளவு உயரம் ஏற, தூரத்துக்கு ஆகும் செலவோடு இன்னொரு மூன்றரை யூனிட் வேண்டும். போகும்போது இறக்கம் என்பதால் கொஞ்சம் மிச்சமும் ஆகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், போவதற்கும் வருவதற்கும் 30 கிலோமீட்டர் ஓடக்கூடிய மின்சாரம் வித்தியாசப்படும். "போகும்போது சேலம் வரை தாராளமாக வந்ததே, திரும்பும்போது ஏன் இப்படி?" என்று கார்க் கம்பெனியைத் திட்டுவதில் பயனில்லை. பிறந்த வீட்டுக்குப் போகும்போது மனசு மட்டுமல்ல, காரும் லேசாகத்தான் ஓடுகிறது! திரும்பும் பயணத்துக்கு எப்போதும் கூடுதலாகக் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

தொப்பூர் இறக்கம் பொல்லாதது. பிரேக் பிடிக்காமல் லாரிகள் மோதி எத்தனையோ உயிர்கள் போன இடம். அங்கே மின்சாரக் காருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. காலை எடுத்தால் மோட்டாரே வேகத்தை இழுத்துப் பிடித்து, அந்தச் சக்தியை மின்சாரமாக்கித் திரும்ப மின்கலத்தில் சேர்க்கும். ஆனால் மின்கலம் விளிம்பு வரை நிரம்பியிருந்தால் சேர்க்க இடம் ஏது? அப்போது அந்தப் பிடிப்பும் குறைந்துவிடும். ஆகவே தர்மபுரியில் சார்ஜ் செய்துவிட்டுச் சேலம் பக்கம் இறங்குகிறவர்கள் நூற்றுக்கு நூறு நிரப்பாமல் இருப்பதே நல்லது. நேரமும் மிச்சம், மலையில் பத்திரமும் அதிகம்.

யந்திரம் மட்டும் போதுமா?

இனி சர்க்கார் என்ன செய்திருக்கிறது என்று பார்ப்போம். குறை சொல்ல முடியாதபடி நிறையவே செய்திருக்கிறது. சார்ஜிங் நிலையம் வைப்பது மின்சாரத்தை விற்பதாகாது, அது ஒரு சேவை. அதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்று 2018 ஏப்ரலில் மத்திய மின்சார அமைச்சகம் விளக்கம் தந்தது. அதே வருஷம் டிசம்பரில் வெளியான விதிமுறை, நெடுஞ்சாலையின் இரு பக்கமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையமாவது வேண்டும் என்றது. 2022-இல் பாரத் பெட்ரோலியம் சென்னை–திருச்சி–மதுரைச் சாலையில் தன் பங்க்குகளில் வேக சார்ஜிங் யந்திரங்களை வைத்தது. 2023-இல் மூன்று அரசு எண்ணெய்க் கம்பெனிகளுக்கு 7,432 நிலையங்கள் அமைக்க 800 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2024 அக்டோபரில் தொடங்கிய 'பி.எம். இ-டிரைவ்' திட்டத்தில் சார்ஜிங் நிலையங்களுக்கென்றே 2,000 கோடி. சுமார் 72,000 நிலையங்கள் என்பது இலக்கு. கோயமுத்தூரின் ஸியான் போன்ற தனியார் கம்பெனிகளும் சாலையோர ஹோட்டல்களில் நிலையங்கள் வைத்து வருகின்றன.

எண்ணிக்கை வளர்கிறது. சந்தோஷம். ஆனால் சகோதரிகளே, எண்ணிக்கையில் அகப்படாத ஒன்று இருக்கிறது. அது நேரம்.

பெட்ரோல் போட 3 நிமிஷம். யாரும் காரைவிட்டு இறங்குவதுகூட இல்லை. சார்ஜ் செய்ய 40 நிமிஷம், 50 நிமிஷம். முன்னால் ஒரு கார் நின்றால் இரட்டிப்பு. அந்த 40 நிமிஷம் மடியில் கைக்குழந்தை. பக்கத்தில் சர்க்கரை வியாதிக்கார மாமியார். அவருக்கு அரை மணிக்கு ஒரு முறை கழிப்பறைக்குப் போயாக வேண்டும். மணி இரவு பத்து. யந்திரம் இருப்பதோ பங்க்கின் பின்மூலையில், லாரிகள் நிற்கும் இருட்டில். கூரை இல்லை, உட்கார ஒரு பெஞ்சு இல்லை, கழிப்பறைக் கதவில் பூட்டு, சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருக்கிறார். வேலை முடிந்து தனியாக ஊருக்குக் காரோட்டிப் போகும் பெண் ஒருத்தி அங்கே வந்து நின்றால் அவள் மனம் என்ன பாடுபடும்?

பெட்ரோல் பங்க் என்பது சாமான் வாங்கிக்கொண்டு போகும் கடை. சார்ஜிங் நிலையமோ தங்கிப் போகும் சத்திரம். கடைக்கு வேண்டியது சரக்கு. சத்திரத்துக்கு வேண்டியது விளக்கு, தண்ணீர், கழிப்பறை, காவல். யந்திரத்தை நட்டு ரிப்பன் வெட்டியதும் 'நிலையம் திறந்தாயிற்று' என்று கணக்கு எழுதுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு தொல்லை, செயலித் தொல்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு செயலி. ஒவ்வொன்றிலும் பெயர் பதிந்து, சிலவற்றில் முன்பணமும் கட்டவேண்டும். மலையடிவாரத்தில் கைப்பேசிக்கு சிக்னல் இல்லையென்றால் மின்சாரம் எதிரே இருந்தும் இல்லாததுதான். எல்லா நிலையங்களுக்கும் பொதுவாக ஒரே செயலி கொண்டுவரப் போவதாக 2025-இல் மத்திய சர்க்கார் அறிவித்தது. அது சீக்கிரம் கைக்கு வந்து சேரட்டும்.

காதக்கல் சொல்லும் பாடம்

இதற்கெல்லாம் வெளிநாட்டுக்குப் போய்ப் பாடம் கற்க வேண்டியதில்லை. தர்மபுரி மண்ணிலேயே இருக்கிறது.

பழைய காலத்தில் இந்த வட்டாரத்தின் வழியாக 'அதியமான் பெருவழி' என்று ஒரு வணிகப் பாதை போயிற்று. அதன் ஓரத்தில் நட்டிருந்த காதக்கற்கள் கிடைத்திருக்கின்றன. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்கிறார்கள். காதம் என்பது அந்நாளைய தூர அளவு. நாவல் தாவளம் என்ற ஊருக்கு இன்னும் 29 காதம் இருக்கிறது என்று அவற்றில் ஒரு கல் சொல்கிறது. தாவளம் என்றால் வணிகர்கள் தங்கி இளைப்பாறும் இடம். தூரத்தை எழுத்திலும் எண்ணிலும் பொறித்ததோடு அந்தக் கல் வெட்டிய புண்ணியவான் நிற்கவில்லை. இரண்டு பெரிய குழிகளையும் ஒன்பது சிறு குழிகளையும் கல்லில் செதுக்கி வைத்தான். பெரிய குழி பத்து, சிறிய குழி ஒன்று. படிக்கத் தெரியாதவனும், ஏன், இருட்டில் வருகிறவனும் தடவிப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்!

எண்ணூறு வருஷத்துக்கு முன்னால், எழுத்தறியாத வழிப்போக்கனுக்காகக் கவலைப்பட்டவர்கள் இருந்த சீமை இது. இன்றைக்கு அதே சீமையில், 'அடுத்த சார்ஜிங் நிலையம் 22 கிலோமீட்டர், யந்திரம் இரண்டு, கழிப்பறை உண்டு' என்று சாலையோரத்தில் எல்லோருக்கும் தெரியும்படி ஒரு பலகை எழுதி வைப்பது அப்படிப் பெரிய காரியமா? கைப்பேசி இல்லாத பாட்டிக்கும் அது தெரியவேண்டும்.

கூடவே இன்னொரு யோசனை. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு என்ற விதை முதலில் விழுந்ததும் தர்மபுரியில்தான், 1989-இல். இந்த நிலையங்களை ஒட்டி ஒரு சிற்றுண்டிச் சாலை, சுத்தமான கழிப்பறை, விளக்குப் போட்ட கூடம் ஆகியவற்றை அந்தக் குழுக்களிடம் ஒப்படைத்தால் என்ன? 40 நிமிஷம் உட்காரும் குடும்பம் சும்மாவா உட்காரும்? சூடாக ராகிக் களியும் கீரையும், மாம்பழக் காலத்தில் ஒரு கூடை மாம்பழமும் வாங்காமல் போகுமா? உள்ளூர்ப் பெண்களுக்குப் பிழைப்பு. வெளியூர்ப் பெண்களுக்குத் தைரியம். நாலு பெண்கள் நடமாடும் இடத்தில் இருட்டுக்கூட அடங்கித்தான் இருக்கும்.

அது வரும்வரையில் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. புறப்படுமுன் ஒரு நிலையத்தை அல்ல, அதற்கு முன்னே ஒன்று, பின்னே ஒன்று என்று மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தேவையான செயலிகளை வீட்டிலேயே பதிந்து, பணமும் போட்டு வையுங்கள். அளவு 10-க்கு இறங்கும்வரை காத்திராமல் 25 சதவிகிதத்திலேயே சார்ஜ் செய்யப் பாருங்கள். முதல் தடவையாவது பகலிலேயே கணவாயைத் தாண்டிவிடுங்கள். அந்தக் கனத்த பிடியை நீங்களே மாட்டிப் பழகுங்கள். கணவர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வேலை செய்யாத யந்திரத்தையும், விளக்கில்லாத இடத்தையும், பூட்டிய கழிப்பறையையும் செயலியில் இருக்கும் அபிப்பிராயப் பகுதியில் தவறாமல் எழுதுங்கள். ஐயாக்கள் 'சார்ஜ் வேகம் பிரமாதம்' என்று எழுதுவார்கள்; கழிப்பறையைப் பற்றி நீங்கள் எழுதினால்தான் உண்டு. பின்னால் வரும் சகோதரிக்கு அதுதான் காதக்கல்.

அடுத்த முறை யாராவது, "ரோடு நெடுக வைத்திருக்கிறார்கள்" என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். "என்ன வைத்திருக்கிறார்கள், யந்திரமா, தாவளமா?" என்று கேளுங்கள்.